எழுத்தறிவிப்போர்: வடசென்னைப் பள்ளி வரலாற்றில் ஒரு நோக்கு

திருவொற்றியூர்த் திருக்கோயிற் கல்வெட்டுகளுள், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், வியாகரணதான மண்டபம் ஒன்றைப் பேணுதற்கு விடப்பட்ட அறக்கொடையைக் கூறுவது ஒன்றுண்டு. இறைவன் பாணினிக்கு இலக்கணம் அருளிய இடம் இதுவே என்னும் தலமரபோடு தொடர்புற்றது அம்மண்டபம். அம்மன்னனின் கீழ் விளங்கிய சீயகங்கனின் வேண்டுகோளால் பவணந்தியார் நன்னூல் செய்ததும் ஏறத்தாழ அக்காலத்தேயாம். நன்னூற் பொதுப்பாயிரம் நல்லாசிரியர் இயல்பை நிலத்தோடும் மலையோடும் நிறைகோலோடும் மலரோடும் ஒப்பிட்டு விளக்குகின்றது. ஆசிரியராகார் இயல்பைக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பனவற்றால் உணர்த்துகின்றது. கல்வெட்டும் நூலும் போற்றும் ஆசிரியர் இருவரும் ஒரு வகையினரே. முன்னமே எழுத்தறிந்து வந்தார்க்கு நூல் அறிவிப்போர் அவர். மண்டபத்துள் நுழைதற்கு முன்னரே, யாரோ ஒருவர் அம்மாணவனின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவித்திருத்தல் வேண்டும். அவரை மண்டபமும் பேசவில்லை, பாயிரமும் பேசவில்லை.

எழுத்தறிவித்தவரைத் தெய்வத்தோடு ஒப்பவைத்துப் போற்றும் மரபு நம்முடையது. எனினும், அவர்க்கு நம் பள்ளிகளில் தனியொரு நிலை இருந்ததா, இருந்ததாயின் அஃது எங்ஙனம் மறைந்தது, மறைந்தபின் எவ்வெவ் வடிவில் மீண்டும் தோன்றியது என்பன ஆராய்தற்குரியன. படிக்கத் தெரியாத பிள்ளையைப் படிக்கத் தெரிந்த பிள்ளையாக்குவது ஒன்றையே தம் தனிப்பணியாகக் கொண்டவரை இக்கட்டுரையில் எழுத்தறிவிப்போர் என வழங்குகின்றோம். அமெரிக்கப் பள்ளிகளில் வாசிப்பு வல்லுநர் என ஒருவர் வகுப்பாசிரியரின் வேறாக அமர்த்தப்படுவதுண்டு. நியூசிலாந்தில் மேரி கிளே என்னும் அறிஞர் 1970களில் வகுத்த முறையில், முதலாண்டில் பின்தங்கிய பிள்ளைக்கு நாள்தோறும் அரைமணி நேரம், சில திங்கள் அளவும், பயிற்சி பெற்ற ஒருவர் தனியே வாசிப்புக் கற்பிக்கின்றார். இவற்றைக் காண்போர் இப்பணி மேலைநாட்டார் கண்ட புதுமை எனக் கருதுதல் இயல்பு. சென்னையின் பள்ளி வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது.

திண்ணைப் பள்ளியின் அமைப்பை முதற்கண் நோக்குவோம். ஓர் உபாத்தியாயர், வெவ்வேறு வயதும் வெவ்வேறு நிலையும் உடைய பிள்ளைகள், வகுப்பென்னும் பிரிவு இல்லை. முதற்பயிற்சி தரையிற் பரப்பிய மணலில் நிகழ்ந்தது. பிள்ளை விரலால் எழுத்தை வரையும். வரையும்போதே வாயால் ஒலிக்கும். கண்ணும் கையும் செவியும் ஒருசேர ஓரெழுத்தின்மேல் நின்றன. பிழைபட்ட எழுத்து உள்ளங்கையால் ஒருமுறை தடவியவுடன் மறைந்தொழியும். மணலில் கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என ஏறிச் செல்லும் இப்படிகளில், கீழ்ப்படியில் நின்ற பிள்ளைகளை நடத்தியவன் பெரும்பாலும் உபாத்தியாயர் அல்லன். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளையே.

சட்டாம்பிள்ளை என்னும் சொல்லைக் கேட்டவுடன் பிரம்பும் அதிகாரமுமே இன்று நம் நினைவுக்கு வருகின்றன. சட்டம் என்பதற்கு ஒழுங்கு என்னும் பொருளோடு, பிள்ளைகள் பார்த்தெழுதுதற்கு வரைந்து தரும் மேல்வரி என்னும் பொருளும் உண்டு. எப்பொருளடியாக இப்பெயர் பிறந்ததாயினும் இரண்டும் அவனுக்குப் பொருந்துவனவே. ஒழுங்கு காப்பவனும் அவன். முதல்வரி எழுதித் தருபவனும் அவன். நேற்றுத்தான் எழுத்துக் கற்றவனாதலின், இன்று கற்பவன் எவ்வெழுத்தில் தடுக்குவான் என்பது அவனுக்குத் தெரியும். புலமை மிக்க உபாத்தியாயர் இதனை மறந்திருக்கக்கூடும்.

பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் கற்பிக்கும் வழக்கம் பழமையானது. பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி 1623இல் கன்னட நாட்டில், ஆசிரியர் இன்றியே சிறுவர் நால்வர் மணலில் விரலால் எழுதிப் பாடிக் கணக்குக் கற்றதைக் கண்டு எழுதியுள்ளார். பிழை நேரின் திருத்துவார் யார் என அவர் வினவ, நால்வரும் ஒரே வேளையில் மறத்தல் கூடாதன்றோ என அச்சிறுவர் விடையிறுத்தனராம்.

இனி, இவ்வழக்கம் சென்னையிற் பெற்ற உலகப்புகழைக் காண்போம். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுக் குருவானவர் 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றார். படைவீரரின் பிள்ளைகள் அங்கு வளர்ந்தனர். ஒருநாட் காலை அவர் ஒரு திண்ணைப் பள்ளியின் வழியே குதிரைமேற் சென்றபோது, சிறார் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அம்முறையைத் தம் விடுதியில் அரிச்சுவடி வகுப்பிற் புகுத்துமாறு துணையாசிரியரைப் பணித்தார். அஃது இயலாது என்றே அவர் நின்றார். பின்னர் பெல் அப்பணியை ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்புவித்தார். ஊதியம் பெற்ற ஆசிரியர் இயலாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். அவ்வகுப்பே அவன் பொறுப்பாயிற்று. பின்னர் ஏனைய கீழ்வகுப்புகளும் அம்முறையிலேயே நடந்தன. 1796இல் நாடு திரும்பிய பெல், அடுத்த ஆண்டு இலண்டனில் தம் சோதனையைச் சிறு நூலாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் ஏறத்தாழ அக்காலத்தே இலண்டனில் அதனையொத்த பள்ளியொன்றை நடத்தி வந்தார். 1811இல் இங்கிலாந்தில் தோன்றிய தேசியக் கல்விக் கழகம் பெல்லின் முறையை ஏற்றுக்கொண்டது. அதற்கு வழங்கிய பெயரே சென்னை முறை என்பதாம்.

மணலெழுத்தைத் தமிழ்ப் பள்ளியினின்று பெற்றதை பெல் ஒப்புக்கொண்டார்; மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையோ தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். ஆயின், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவையே, 1814 ஜூன் 3ஆம் நாள் வங்காளத்திற்கு விடுத்த மடலில், இந்நாட்டு ஆசிரியர் தொன்றுதொட்டுக் கையாண்ட முறையே பெல்லின் வழியாக இங்கிலாந்திற் கொள்ளப்பட்டது எனப் பாராட்டி எழுதியது. பெல்லாரி மாவட்ட ஆட்சியர் காம்பெல் 1823இல் தந்த அறிக்கையும், முன்னேறிய மாணவர் பின்தங்கியோர்க்குக் கற்பித்தலாகிய இம்முறை இங்கிலாந்து பின்பற்றியதற்குத் தகுதியுடையதே என்கின்றது. பெல் அறிந்தே மறைத்தார் என நாம் கூறவரவில்லை. தம் விடுதியில் தேவை எழுந்தபோது அவர் தாமே அதனைக் கண்டிருக்கவுங் கூடும். எனினும், மணலைக் கண்ட கண் அம்மணலருகே நின்ற சட்டாம்பிள்ளையைக் காணவில்லை எனல் நம்புதற்கு எளிதன்று.

கடல் கடந்தபோது இம்முறையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது அதுவே. திண்ணையிற் சட்டாம்பிள்ளை சில பிள்ளைகளின் அருகிருந்து எழுதுவித்தான். இங்கிலாந்திலோ, ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் நடத்துதற்கு அஃது ஒரு கருவியாயிற்று. அருகமைவு போய்ச் சிக்கனம் முன்வந்தது. வகுப்புத் தலைவனாகிய சிறுவன் தான் பாராமற் கற்றதைப் பிறர்க்கும் பாராமல் ஒப்புவித்தான். 1840களில் அந்நாட்டார் இம்முறையைக் கைவிட்டுப் பயிற்சி மாணவ ஆசிரியர் முறைக்கு மாறினர்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் மாகாணமெங்கும் பள்ளிக் கணக்கெடுக்கப் பணித்து, 1826 மார்ச்சு 10ஆம் நாள் தம் முடிவுகளை எழுதினார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர், மக்கள்தொகை 1,28,50,941. சென்னை நகரைப் பற்றிய செய்தி ஒன்று நம் கருத்தைக் கவர்கின்றது. வீட்டிலிருந்தே கற்ற பிள்ளைகள் இந்நகரில் 26,963 பேர். இது பள்ளியிற் பயின்றார் தொகையினும் ஐந்து மடங்கிற்கு மேற்பட்டது. துறைமுக வணிகத்தால் வளர்ந்த நகரம் இது. கணக்கப்பிள்ளையும் துபாஷியும் இன்றிக் கம்பெனியின் ஒரு மூட்டையும் கரையேறாது. எழுத்து அன்று பிழைப்பிற்குரிய கைத்தொழிலாயிருந்தமையின், இயன்றவர் தம் பிள்ளைகட்கு வீட்டிலேயே எழுத்தறிவிப்போரை அமர்த்தியும் தாமே கற்பித்தும் வந்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தும். கணக்கெடுப்பு நிகழ்ந்த ஆண்டுகளிலேயே பிறந்து, பின்னர்ச் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் தமையனார் சபாபதிப் பிள்ளை இல்லத்தில் வளர்ந்த இராமலிங்க அடிகள் பள்ளிக்கு அடங்கா மாணவராய் இருந்ததும், அங்கிருந்து திருவொற்றியூர்க்கு நடந்து சென்று வழிபட்டு வந்ததும் யாவரும் அறிந்தவை. வீட்டுக்கல்வி மிக்கிருந்த நகரில் அஃது அத்துணை வியப்பன்று.

மன்றோ குறித்த பிறிதொரு செய்தி, ஆசிரியர் வருவாய். திங்கட்கு ஆறு ஏழு உரூபாய்க்கு மேல் அவர் பெறவில்லை என்றும், தகுதியுடையாரை இத்தொழிலுக்கு இழுக்க அது போதாது என்றும் அவர் எழுதினார். மாவட்டத் தலைமைப் பள்ளி ஆசிரியர்க்கு 15 உரூபாயும் தாசில் பள்ளி ஆசிரியர்க்கு 9 உரூபாயும் அரசே தருதல் வேண்டும் என்பது அவர் திட்டம். மறு ஆண்டில் அவர் மறைந்தார். திட்டம் சில பள்ளிகளோடு நின்று, 1836இல் கைவிடப்பட்டது.

அடுத்த அரைநூற்றாண்டை விரைந்து கடக்கலாம். 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்தினின்று வாலாசா ரோட்டிற்கு முதற் புகைவண்டி புறப்பட்டது. ஆசிரியரைப் பயிற்றும் அரசினர் நார்மல் பள்ளி சென்னையில் தொடங்கியதும் அவ்வாண்டேயாம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர், வகுப்புக்கு ஒரு நூல், ஆண்டுக்கு ஒரு தேர்வு என்னும் புதிய ஒழுங்கு நிலைபெற்றது. அவ்வொழுங்கில் முதலெழுத்துக் கற்பித்தல் தனிப்பணியாக இல்லாமல், முதல் வகுப்பாசிரியரின் பல வேலைகளுள் ஒன்றாயிற்று. இங்கிலாந்து 1862இல் மேற்கொண்ட, தேர்ச்சிக்கேற்ப மானியம் தரும் முறை அப்பத்தாண்டிலேயே சென்னை மாகாணத்திற்கும் வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஆய்வாளர் முன் தேறிய தலைக்கு இவ்வளவு எனப் பணம் வழங்கப்பட்டது. பிள்ளையின் அருகிருந்த எழுத்தறிவிப்போர் போய், பிள்ளையின் எதிரே நின்று அளப்பவர் வந்தார்.

1875இல் துறைமுகப் பணி தொடங்கிற்று. அதனையடுத்து ஆலைகளும் பணிமனைகளும் பெருகின. கட்டுமரமும் மசூலாப் படகும் ஓட்டியவரின் பிள்ளைகளோடு, உள்நாட்டினின்றும் தெலுங்கு நாட்டினின்றும் வேலை தேடி வந்தோரின் பிள்ளைகளும் இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, பெரம்பூர்ப் பகுதிகளில் நிறைந்தனர். சிறார் ஆலைகளில் உழைத்த காலம் அது. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதிற்குக் குறைந்தாரை விலக்கி, பன்னிரண்டு வயதுக்குட்பட்டார்க்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் என வரையறுத்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்க வயதை ஒன்பதாக உயர்த்தி ஏழு மணியாகக் குறைத்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலையில் ஆறு மணியாக்கியது. பெரம்பூர்ப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையினர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அரைநேர வேலைச் சிறுவர்க்கென்றே பள்ளியொன்றை நடத்தினர். நாளின் ஒரு பகுதி தறியோரத்திலும் மறுபகுதி பலகையோரத்திலுமாகக் கழிக்கும் பிள்ளைக்கு எழுத்தறிவித்தல், ஏனைய பிள்ளைக்கு அறிவித்தல் போன்றதன்று. களைத்த கண்ணுக்கும் காய்த்த விரலுக்கும் ஏற்ற முறை வேண்டும். அத்தகைய தனிப்பணி வேண்டப்பட்ட இடம் வடசென்னை என்பதற்கு இப்பள்ளியே சான்று.

மொழியைப் பற்றிய செய்தியும் ஈண்டு எண்ணற்பாலது. முற்கூறிய காம்பெல் அறிக்கை திண்ணைப் பள்ளியைப் பாராட்டியதோடு நில்லாமல், அதன் குறையையும் சுட்டியது. பிள்ளைகள் படிக்கும் நூல்கள் செய்யுள் மொழியில் அமைந்தமையானும், அது பேச்சு மொழியினின்று பெரிதும் வேறுபட்டமையானும், ஒலித்தல் வந்ததேயன்றிப் பொருளுணர்தல் வரவில்லை என்பது அவர் முடிவு. நம் மரபுக் கல்வியைப் புகழ்வோர் அவ்வறிக்கையின் முற்பகுதியை மட்டும் எடுத்துக்காட்டிப் பிற்பகுதியை விட்டுவிடுதல் முறையன்று. இக்குறை இன்றும் தீர்ந்தபாடில்லை. காசிமேட்டுப் பிள்ளையோ எண்ணூர்க் குப்பத்துப் பிள்ளையோ பள்ளிக்கு வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. கொண்டல், கச்சான், வாடை எனக் காற்றின் பெயர்களை அறிந்தே வருகின்றது. அவற்றுள் கொண்டலும் வாடையும் சங்கச் செய்யுட்கண் வழங்கிய சொற்களாம். ஆயினும் அப்பிள்ளையின் பேச்சைக் கொச்சை என ஒதுக்கி, அது கேட்டறியாத நடையில் முதல் வாக்கியத்தைத் தருகின்றோம். வீட்டில் தெலுங்கோ உருதோ வழங்கும் பிள்ளைக்கு இத்தொலைவு இரட்டிக்கின்றது. பேச்சுத் தமிழினின்று எழுத்துத் தமிழுக்குச் செல்லும் ஒலிமாற்றங்களை அறிந்த ஒருவர் அருகிருந்தாலன்றி, பிள்ளை தடுக்கும் இடம் எழுத்திலா, சொல்லிலா, நடையிலா என்பது தெரியவராது. இஃது இலக்கணப் புலமை வேண்டும் பணி. அரிச்சுவடிக்குக் குறைந்த கல்வி போதும் என்னும் எண்ணம் பிழையென்பதற்கு வேறு சான்று வேண்டா.

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமார் காலத்தில், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆந்திர மாநிலத்து ரிஷி வேலியில் உருவான முறையைத் தழுவியது அது. பாடநூலுக்கு மாற்றாக அட்டைகள். அட்டைகளை வரிசைப்படுத்தும் ஏணிப்படி. பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே வட்டத்தில். அவ்வட்டங்கள் ஆசிரியர் முழுதும் உதவுவது, ஓரளவு உதவுவது, உடன்பயில்வோர் உதவுவது, தானே கற்பது எனப் படிப்படியாக அமைந்தன. பெயர் புதிது; அட்டை புதிது. ஆயினும், கலந்த வயது, அவரவர் நடைக்கேற்ற படி, தரைக்கண் அமர்வு, முன்சென்ற பிள்ளை பின்வரும் பிள்ளைக்குத் துணையாதல் ஆகிய நான்கும் திண்ணைப் பள்ளியை அறிந்தார்க்குப் புதியனவல்ல. எழும்பூரினின்று இலண்டன் சென்ற முறை இருநூறு ஆண்டு கழித்துப் பிறிதொரு வழியால் அதே நகருக்கு மீண்டது எனலாம். அடுத்த ஆண்டு மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்திற்கும் அது பரவிற்று. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011இல்தான் மாநகராட்சியோடு இணைந்தன. ஆதலின், 2007இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோதே அங்குள்ள பிள்ளைகள் அதனைப் பெற்றனர்.

அனைவர்க்கும் கல்வி இயக்கத்தின் வழியாக இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வட்டார வள மையங்களும், அவற்றில் ஆசிரியப் பயிற்றுநர் என்னும் பதவியும் தோன்றின. பல பள்ளிகட்குச் சென்று ஆசிரியர்க்குத் துணைசெய்யும் இவரை எழுத்தறிவிப்போர் வரிசையில் வைத்தல் தகும். எனினும், அவர் பயிற்றுவது ஆசிரியரை, பிள்ளையை அன்று. அவர் கையில் படிவங்கள் பெருகுந்தோறும், பழைய ஆய்வாளரின் நிழல் அவர்மேல் விழுகின்றது என்பது நம் கருத்து.

கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபின், 2021 அக்டோபர் 27இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. மாலைப்பொழுதில் தன்னார்வலர், பெரும்பாலும் அத்தெருவிலேயே வாழும் பெண்டிர், பிள்ளைகளை அமர்த்திப் படிப்பித்தனர். மன்றோ எண்ணிய 26,963 வீட்டு மாணவர் நினைவுக்கு வருகின்றனர். ஆயினும் அன்று இல்லத்திற்கு ஆசிரியர் வந்தது இயன்றவர்க்கு. இவ்வாண்டுகளில் வந்தது இயலாதவர்க்கு. இவ்வேறுபாடு சிறிதன்று. தன்னார்வலர்க்குத் தந்த மதிப்பூதியம் திங்கட்கு 1,000 உரூபாய். ஆறு ஏழு உரூபாய் போதாது என மன்றோ எழுதி ஏறத்தாழ இருநூறாண்டு கழிந்த நிலை இது. அத்தொகை அன்றைய ஆறு உரூபாயினும் கூடுதலா குறைவா எனக் கணக்கிடுதல் பொருளியலார் பணி. அரிச்சுவடி கற்பிப்பாரின் ஊதியத்தை நாடு எப்போதும் இறுதியில்தான் எண்ணுகின்றது என்பது மட்டும் நமக்குப் புலனாகின்றது.

2022 ஜூன் 13இல், நம் பகுதிக்கு அணித்தேயுள்ள திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்துப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதிற்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து படித்தல் அதன் நோக்கம். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பகுக்கப்பட்டனர். பிள்ளை எவ்வகுப்பில் உள்ளது என்பதினும் எந்நிலையில் உள்ளது என்பதே வினா என ஏற்றமையின், இதனை வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம். ஆனால் மூன்று நிலைக்கும் கற்பிப்பவர் அவ்வொரே வகுப்பாசிரியரே. அரும்பிலேயே நின்றுவிட்ட நான்கைந்து பிள்ளைகளின் அருகில் அமர்தற்கென ஒருவர் இல்லை. திண்ணையில் அவ்விடத்தே சட்டாம்பிள்ளை இருந்தான். எழும்பூரில் எட்டு வயது ஃபிரிஸ்கன் இருந்தான்.

முதுகலை மாணவர்க்கு நன்னூற் பாயிரம் நடத்துங்கால், கற்பித்தவர் யாவரையும் நினைந்து சொல்லுமாறு கேட்பதுண்டு. கல்லூரி ஆசிரியர் பெயரை உடனே சொல்லுவர். உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியரைச் சொல்லுவர். முதலெழுத்து எழுதுவித்தவர் பெயரை ஒருவரோ இருவரோ சொல்லுவர். நம் துறைகள் ஆண்டுதோறும் எழுத்ததிகாரம் கற்பித்து அனுப்பும் பட்டதாரிகள், பிறப்பியலும் புணரியலும் அறிந்தவர்கள், ஆறாம் வகுப்பிற்குக் கீழ் அடிவைப்பதில்லை. லகர ளகர ழகரங்களின் பிறப்பிடத்தைத் தெளிவுறக் கூறவல்ல அவரினும், அவ்வொலிகளைப் பிரித்தறிய மாட்டாமல் தடுக்கும் இராயபுரத்துப் பிள்ளைக்கு உதவத் தக்கார் யார்? அத்தகையோர்க்கு ஒரு பதவியும் ஊதியமும் வகுக்குமாறு அரசைக் கேட்பதற்கு முன்னர், அப்பணிக்குரிய பாடம் ஒன்றை நம் முதுகலைத் திட்டத்தில் வகுத்திருத்தல் வேண்டும். தொல்காப்பியர் காலத்து ஒலியை ஆராயும் நாம், காசிமேட்டுப் பிள்ளையின் வாயில் வழங்கும் ஒலியை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுதற்கு நாணுவானேன்?

ஆண்ட்ரூ பெல் 1832இல் மறைந்து, அரசரும் புலவரும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஃபிரிஸ்கனின் பெயர் அவர் நூலில் இடம்பெற்று நிலைத்தது. சென்னையில் அன்று மணலில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெயரும், அவர்க்கு முதல்வரி எழுதிக் கொடுத்தவரின் பெயரும் அந்நூலில் இல்லை.